சம்பந்தியின் முதுகு

ஜூலை 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று மாலை கல்லூரி ஓவிய அறையிலிருந்து தவழ்ந்து வெளியேறிய ஆள் நான்தான்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கிற கல் கொஞ்சம் இறங்கும் என்று எழுதுகிறேன். போனில் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறீர்கள். இது மேஜை நடுவில் வைக்கிற விஷயமா?

நேற்று எங்களுக்கு ‘உருவம் வரைதல்’ வகுப்பு. உயிருள்ள ஆளைப் பார்த்து வரைய வேண்டும். அறை நடுவில் ஒரு மேடை, மேடை மேல் ஒரு முக்காலி, சுற்றிலும் பலகையும் பென்சிலுமாகப் பிள்ளைகள். நான் முன்வரிசை. புதுசாகக் கல்லூரியில் சேர்ந்தவனுக்கு இருக்கிற ஆர்வக்கோளாறு. தடுப்புக்குப் பின்னாலிருந்து அரை டிராயரோடு ஒருவர் வந்தார். உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் பென்சிலைச் சீவி முடித்து, கீழேயிருந்து ஆரம்பிக்கலாம் என்று காலைப் பார்த்தேன். நல்ல கால். அப்படியே மேலே போனேன். வயிறு, மார்பு, கழுத்து. கழுத்துக்கு மேலே என் மகளுடைய மாமனார்!

கல்யாண மண்டபத்தில் கோட்டும் சூட்டுமாக வந்து, நான் தொங்கவிட்டிருந்த திரைச்சீலையின் ஓரத் தையலை விரலால் தடவி, “உங்க கடைச் சரக்கா?” என்று கேட்டீர்களே. “ஆமாங்க” என்றேன். “ம்” என்றீர்கள். அந்த ஒரு “ம்” எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓரம் உடைந்ததையெல்லாம் கழித்துக்கட்டிய பார்வை. அதே பார்வை நேற்று சட்டையில்லாமல் என்னைப் பார்த்தது.

கண்ணும் கண்ணும் நேருக்கு நேர். நீங்கள் இமைக்கக்கூட இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரப்பரைக் கீழே போட்டேன். எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. பலகைக் கால்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெண் குனிந்து, “அங்கிள், என்ன தேடறீங்க?” என்றாள்.

“கதவை.”

இனி என் பொய். மாலைக் கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கிறேன் என்று உங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நான் சேர்ந்தது ஓவியத்தில், முதலாம் ஆண்டு. திரைச்சீலைக்காரன் படம் வரையப் போகிறான் என்றால் நீங்கள் இன்னொரு “ம்” போடுவீர்கள் என்ற பயம்தான்.

வாழ்நாள் முழுக்க ஜன்னல் அளந்தவன் நான். கோடு இழுக்கச் சொன்னால் ஸ்கேல் இல்லாமல் இழுப்பேன். மனுஷனை வரையச் சொன்னால் அலமாரி மாதிரி வருகிறது. ஒருமுறை என் வீட்டுக்காரியை வரைந்தேன். தாளில் அவள் அண்ணன் வந்தான். அவனுக்கு மீசை உண்டு. மீசை போடாமலே அவன் வந்தான். அவள் அந்த வாரம் முழுக்க என்னோடு ஜாடையில்தான் பேசினாள். பிறகுதான், “சாயங்காலக் கடையை நான் பார்த்துக்கறேன். போய்ப் படிங்க. ஆனா வருஷம் முடியறதுக்குள்ள என்னை நான்தான்னு தெரியற மாதிரி வரையணும்” என்று நிபந்தனை போட்டு அனுப்பினாள். அதைச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது ஒன்றுதான்.

கல்லூரி விதிப்படி, புதிய மாணவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பாடத்தை விட்டுவிடலாம். பதிலுக்கு ‘இயற்கைக் காட்சி’ கொடுப்பார்கள். ஆனால் விட்ட பாடத்தில் மறுபடி சேர முடியாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

நீங்கள் ஏதோ கல்லூரியில் ஆலோசகராகப் போகிறீர்கள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். எந்தக் கல்லூரி, என்ன ஆலோசனை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. இந்தக் கடிதத்தை ஓவிய அறை உதவியாளரிடம் கொடுத்து உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “லவ் லெட்டரா அங்கிள்?” என்றார்.

தலை குனிந்து,
உங்கள் சம்பந்தி


ஜூலை 12

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விஷயம் அறிந்தேன். பதிலைத் தங்கள் கடை முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். தாங்களே பிரிக்கவும்.

அன்று தாங்கள் தவழ்ந்து சென்றதை நான் கவனித்தேன். தங்கள் கௌரவம் கருதிக் கவனியாதவன் போல இருந்தேன். அதற்கு நன்றி தேவையில்லை.

நான் ஆலோசகர் என்பது முழுப் பொய்யல்ல. வாரம் இருமுறை கல்லூரி வளாகத்துக்குச் செல்கிறேன். அங்குள்ள ஆசிரியர் ஒருவருக்கு ஒத்துழைப்பு அளிக்கிறேன். ஒத்துழைப்பு எந்த விதமானது என்பதை வீட்டில் விரிவாகச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் அமையவில்லை.

என் மகனுக்குத் தெரிந்தால் அவன் என்னை டாக்டரிடம் அழைத்துப்போவான். என் மனைவிக்குத் தெரிந்தால் டாக்டரே வீட்டுக்கு வருவார், அவளைப் பார்க்க. தங்கள் மகள் நல்ல பெண். என்னை “மாமா” என்று கூப்பிடும்போது அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதை இழக்க நான் தயாராக இல்லை.

ஆகவே தாங்கள் அந்தப் பாடத்தை விட்டுவிடுவதே முறை. உடைந்த பிஸ்கட் ஒன்று பொட்டலத்தில் போய்விட்டால் தொழிற்சாலை சமாளித்துக்கொள்ளும். ஒரே பொட்டலத்தில் இரண்டு போனால் புகார் வரும். நம்மில் ஒருவர் வெளியேற வேண்டும். நான் ஓராண்டாக இருக்கிறேன். தாங்கள் புதியவர். இயற்கைக் காட்சி நல்ல பாடம்தான். மரம் யாருக்கும் சம்பந்தி ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: ‘நல்ல கால்’ என்று எழுதியிருந்தீர்கள். அது ஓவியம் படிப்பவர் என்ற முறையில் சொன்னதா, அல்லது யார் கால் என்று தெரியாததால் சொன்னதா? பதில் அவசியமில்லை.


ஜூலை 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் மூக்கு வழியாகத் தண்ணீர் வந்ததற்கு மன்னிக்க வேண்டும். அது உங்கள் சட்டையில் தெறித்ததற்குத் தனியாக மன்னிக்க வேண்டும்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. நீங்களே நினைத்துப் பாருங்கள். சம்பந்தியம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “இவரைக் கேக்காம அந்தக் காலேஜ்ல ஒரு நாற்காலியக்கூட நகர்த்த மாட்டாங்க, தெரியுமா?” என்றார்கள். அது உண்மை. உங்கள் முக்காலியைச் சுற்றி டீச்சர் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார், யாரும் நகர்த்தக் கூடாதென்று. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்து மாப்பிள்ளை: “அங்க போய் அப்படி என்னதான்ப்பா சொல்வீங்க?”

நீங்கள்: “பெருசா ஒண்ணும் பேசறதில்லை. நான் இருந்தாலே போதும்னு சொல்றாங்க.”

அதற்கும் அடக்கிக்கொண்டேன். சாமி சத்தியமாக அடக்கிக்கொண்டேன். அப்புறம்தான் என் மகள் என் பக்கம் திரும்பி, “பார்த்தீங்களாப்பா? மாமா மாதிரி ஆளுங்க சும்மா உக்காந்திருந்தாலே காசு பெறும்” என்றாள். அப்போது என் வாயில் தண்ணீர் இருந்தது.

நீங்கள் தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரி பொரிந்து தள்ளிவிட்டாள். “சம்பந்தி வீட்டுல போய் இப்படியா மானத்தை வாங்குவீங்க? அந்த மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு. அப்படி என்ன சிரிப்பு?” நான் சொல்லவில்லை. புரையேறிவிட்டது என்றேன். நம்பவில்லை.

இன்னொரு குற்றமும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன் என்று நான்தான் எழுதினேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் விடவில்லை.

விடத்தான் போனேன். அலுவலகத்தில் இருக்கிற அம்மா, “எந்தப் பாடம்?” என்றார். சொன்னேன். “ஏன் விடறீங்க?” என்றார். குரலைத் தாழ்த்தி, “குடும்பக் காரணம்” என்றேன். அவர் குரலை உயர்த்தி, “உருவம் வரையறதுக்கும் குடும்பத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பாட ஆசிரியர் சம்மதம் இல்லாமல் விட முடியாதாம். டீச்சரிடம் போய், மேடையில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தால் வரைய வரவில்லை என்றேன். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “இன்னிக்கு ஒரு நாள் உக்காருங்க அங்கிள். முகத்தைப் பார்த்து வரையறது கஷ்டமா இருந்தா பின்னாடி போய் உக்காருங்க. அப்பவும் வேணாம்னா நானே அலுவலகத்துல சொல்லிடறேன்” என்றார்.

அதனால் செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமையும். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்று கண்டுபிடித்தேன். வெட்கமெல்லாம் முகத்தில்தான் இருக்கிறது. முதுகைப் பார்க்கும்போது எனக்கும் கூசவில்லை, முதுகுக்கும் கூசவில்லை. ஒரு நல்ல துணி, கொக்கியிலிருந்து எப்படி இறங்க வேண்டுமோ அப்படி உங்கள் தோளிலிருந்து முதுகு இறங்குகிறது. இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, நடுவில் ஒரு மடிப்பு விழுந்து. திரைச்சீலையாக நினைத்துக்கொண்டு வரைந்தேன். கடைசியில் பார்த்தால் தாளில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். அலமாரி இல்லை, மனுஷன். டீச்சர் வந்து நின்று பார்த்தார். “இப்பவும் விடணுமா அங்கிள்?” என்றார். நான் அசடு வழிந்தேன்.

பிள்ளைகள் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கருங்கல்’. மட்டமாக இல்லை, மரியாதையாகத்தான். “இவருக்கு முன்னாடி வந்தவர் தும்மிக்கிட்டே இருப்பாராம் அங்கிள். இவர் பாருங்க, ஈ உக்காந்தாகூட ஆட மாட்டார்” என்கிறார்கள். உங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைய அடிதடி நடக்கிறது.

இப்போதும் சொல்கிறேன். விடு என்று இன்னொரு தடவை எழுதுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே விட்டுவிடுகிறேன்.

முகத்தைக் காட்ட முடியாத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: ஓவியம் படிப்பவனாகத்தான் சொன்னேன். நல்ல கால்.


ஜூலை 23

சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் எந்தப் பாடத்தையும் விட வேண்டாம். நான் விட்டுவிட்டேன். நேற்று வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். முதுகு வலி என்றேன். தாங்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருந்தால் அது பொய் என்று தெரிந்திருக்கும்.

தாங்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. என் வீட்டு மேஜையில், என் மகன் முன்னால், என் மருமகள் முன்னால் சிரித்தீர்கள். அவர்களுக்கு ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் பெரிய அவமானம்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைத் தங்களுக்கு மட்டும் சொல்கிறேன். இது யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கல்லூரியில் உணவுத் தரம் பற்றிச் சிறப்பு விரிவுரை ஆற்ற விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் மாடிக்குக் கை காட்டினார். ஒரு அறை திறந்திருந்தது. யாருமில்லை. நடுவில் மேடை போட்டு ஒரு முக்காலி இருந்தது. நேர்காணலுக்கு வருபவர் உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். இவ்வளவு இளம் வயதில் தேர்வுக் குழுவா என்று வியந்தேன். பிறகு அந்த டீச்சர் வந்தார். என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரமாதம் சார். அப்படியே இருங்க. அசையாதீங்க” என்றார். பொறுமையைச் சோதிக்கிறார்கள் என்று எண்ணினேன். ஒரு மணி நேரம் அசையவில்லை. யாரும் உணவுத் தரம் பற்றிக் கேட்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். “செவ்வாய்க்கிழமையும் வந்துடுங்க சார்” என்றார். தேர்வாகிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன்.

வேலை என்னவென்று இரண்டாம் நாள் புரிந்தது. அப்போதே இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. அந்த வாரம் கோட்டைக் கழற்றினேன். அடுத்த வாரம் டை. சட்டைக்கு ஒரு மாதம் ஆனது.

ஏன் இறங்கவில்லை என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் நான் எதிரே வந்தால் பிஸ்கட் ஓடும் பெல்ட்டையே நிறுத்துவார்கள். வீட்டில், ஹாலில் உட்கார்ந்தால் பெருக்குவதற்குக் காலைத் தூக்கச் சொல்கிறார்கள். படுக்கையறைக்குப் போனால் விரிப்பை மாற்ற எழுந்திருக்கச் சொல்கிறார்கள். சமையலறையில் நின்றால் சொல்வதே இல்லை, தோளைப் பிடித்து நகர்த்திவிடுகிறார்கள். யார் மேலும் தப்பில்லை. நான் எங்கே இருந்தாலும் அது யாருக்காவது வேலை நடக்கிற இடமாக இருக்கிறது. நகராதே என்று என்னைப் பார்த்து ஆசையாகச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

அது போகட்டும். ‘கருங்கல்’ என்ற பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றே விட வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


ஜூலை 30

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு முகவரிக்கே, இன்றே சேரும்படி, கொரியரில் அனுப்புகிறேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை. அதற்கும் நான்தான் காரணம். பூமி பிளந்தால் உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் துணிக் குவியலுக்குப் பின்னால் நின்று படித்தேன். கோட்டு, டை, சட்டை என்று வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த பத்தியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரி வந்து, “கண்ணுல என்ன?” என்றாள். துணித் தூசி என்றேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். முக்காலியில் பூச்சாடி வைத்திருந்தார்கள். முப்பது பென்சிலும் சும்மா இருந்தன. “கருங்கல் எங்க மேடம்?” “கருங்கல்லுக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஒரே புலம்பல். நேற்று வேறொருவரைக் கூட்டி வந்தார்கள். தூங்கிவிட்டார், குறட்டையோடு. எல்லாரும் அவர் வாயை மட்டும் வரைந்தார்கள். நான் ஒன்றும் வரையவில்லை. உங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்து எதை வரைய?

வந்த வினை இனிமேல்தான். உங்கள் முதுகுப் படத்தை நான் கடையில் மாட்டியிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால், மாதிரித் துணிகளுக்கு நடுவில். மாட்டியிருக்கக் கூடாது. ஆனால் என் கையால் வந்த முதல் மனுஷன். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, “யாருன்னு தெரியல. ஆனா யாரோ ஒருத்தர்னு தெரியுது” என்றாள். அவளிடமிருந்து இவ்வளவு வாங்கியதே பெரிது. முகம் இல்லை, பெயர் இல்லை, ஒரு முதுகு. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இன்று காலை சம்பந்தியம்மா கடைக்கு வந்தார்கள், படுக்கையறைக்குத் திரைச்சீலை பார்க்க. நீலமா பச்சையா என்று ஆரம்பித்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

“இது எங்க வீட்டுக்காரர்.”

“இல்லீங்க சம்பந்தியம்மா, இது வந்து… கருங்கல்.”

“என்ன கல்லு? இந்த முதுகைப் பார்த்துக்கிட்டேதான் நான் பாதி வாழ்க்கை ஓட்டியிருக்கேன். பேப்பர் படிக்கறப்ப இதுதான். கோவிச்சுக்கிட்டுப் படுத்தா இதுதான். எனக்குத் தெரியாதா?” என்றார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, “யார் வரைஞ்சது?” என்றார்கள்.

எனக்குப் பொய் வரும். அவசரத்துக்கு வராது. நான்தான் என்றேன். எங்கே என்றார்கள். சொன்னேன். எப்படி என்றார்கள். அதையும் சொன்னேன். படத்தை எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரைச்சீலை வாங்கவில்லை.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு கொள்ளி வைத்துவிட்டேன். என் மகள் இனி அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? என்னுடைய ஒரு படத்துக்காக உங்களுக்கு இருந்த ஒரு இடமும் போயிற்று, வீட்டில் இருந்த மரியாதையும் போயிற்று.

பாடத்தை விட நாளைதான் கடைசி நாள். மத்தியானம் அலுவலகம் திறந்ததும் போய் விட்டுவிடுவேன். வீட்டுக்காரியிடம், உன்னை இந்த ஜென்மத்தில் வரைய முடியாது என்று சொல்லிவிடுகிறேன். மரம் வரைகிறேன். நீங்கள் டீச்சரிடம் சொல்லிவிட்டுத் திரும்பப் போங்கள். அந்த அறையிலாவது உங்களை யாரும் நகர்த்தாமல் இருக்கட்டும்.

மன்னிப்புக் கேட்கவும் யோக்கியதை இல்லாத,
உங்கள் சம்பந்தி


ஜூலை 31, காலை

அன்புள்ள சம்பந்தி,

கடை இன்னும் திறக்கவில்லை. கதவிடுக்கில் இதைச் செருகிவிட்டுப் போகிறேன். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் படித்துவிடுங்கள். போகாதீர்கள்.

நேற்று என் மனைவி உங்கள் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, சுருண்டுவிடாமல் நான்கு மூலைக்கும் டம்ளர் வைத்தாள். மகனும் மருமகளும் சுற்றி நின்றார்கள்.

“இது யாரு?” என்றாள்.

“நான்தான்.”

“சட்டை எங்க?”

“தடுப்புக்குப் பின்னால் மாட்டியிருக்கு.”

என் மகன் ஹாலுக்குப் போய்விட்டான். அங்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறானோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சோபாவில் கவிழ்ந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். உங்கள் மகள் சிரிக்கவில்லை. படத்தின் மேல் குனிந்து, “இது அப்பா கோடு. எங்கப்பாதான் மடிப்பை இப்படிப் போடுவார்” என்றாள். உங்கள் வணிக நிர்வாகமும் அத்தோடு முடிந்தது. என்னைப் பார்த்து, “வலிக்காதா மாமா, அவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். மாமா என்பதில் எதுவும் குறையவில்லை. கவனமாகக் கேட்டுப் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “சட்டையைக் கழட்டினதுக்கு நான் வெக்கப்படலை. ஊர்ல இருக்கற பிள்ளைங்கல்லாம் ஒரு வருஷமா உங்களைப் பார்த்திருக்கு. எனக்கு மட்டும் நீங்க அங்க என்னன்னு தெரியாது. ஆலோசகர் ஆலோசகர்னு அக்கம்பக்கமெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேனே, அதுக்குத்தான் வெக்கமா இருக்கு” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் முன்னால் நான் தலை குனிந்தது அதுதான் முதல் தடவை. என் அவமானத்தை மறைக்கிறேன் என்று அதை முழுக்க அவள் தலையில் அல்லவா கட்டி வைத்திருக்கிறேன்!

நாளை வகுப்புக்கு அவளும் வருகிறாளாம். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாளாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அரை டிராயரை மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

டீச்சருக்குப் போன் செய்துவிட்டேன். முதுகு வலி சரியாகிவிட்டது என்றேன். நீங்கள் பாடத்தை விடக் கூடாது. விட்டால், நாம் இவ்வளவு பட்டதற்கு அர்த்தமில்லை. இனிமேல் பின்னால் ஒளிந்து உட்காரவும் வேண்டாம். முன்வரிசைக்கு வாருங்கள், முகத்தை வரையுங்கள். அலமாரி மாதிரி வந்தால் வரட்டும். எனக்கும் கூசத்தான் செய்யும். உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள்,
சம்பந்தி

பி.கு.: ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. முதல் நாள் நீங்கள் தவழ்ந்து போனதைப் பார்த்தேன் என்று நான் எழுதியது பொய். மேடையில் ஏறும்போது டீச்சர் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார், விளக்கொளி பட்டுப் பளபளக்கிறது என்று. அது இல்லாவிட்டால் என் முழங்காலுக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாம் வெறும் புகை. நீங்கள் அந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதே உங்கள் முதல் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும்.